வாய்ல வந்தது பலிச்சிருச்சா? பையன் விஷயம், யாராவது சொல்லுங்க

தாமுவே பொண்ணு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், எழுதினது இல்ல. இங்க ரங்கூன் தாமுவேல இன்னைக்கு ராத்திரி கரண்டும் இல்ல தூக்கமும் இல்ல, போன்ல மிச்சம் இருக்கிற சார்ஜ்ல எழுதுறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

பெரியவன் மெட்ரிக்ல பெயில். அது கூடப் பரவால்ல. பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி, விடிகாலைல மோஹிங்கா குழம்பு கிண்டிட்டு நிக்கிறேன், இவன் போர்வைக்குள்ள போனை நோண்டிட்டு சிரிக்கிறான், எனக்கு எங்கேருந்து வந்துச்சோ கோவம், "நீ எங்கடா உருப்படப் போற, பெயிலாத்தான் போவ பாத்துக்க"ன்னு கத்திட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. எங்க அத்தை, அதான் வீட்டுக்காரரோட அம்மா, உள்ள ஜெபத்துல இருந்தவங்க கேட்டுட்டாங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு எல்லார் முன்னாலயும் "நீ சொன்னது கர்த்தர் காதுல விழுந்துச்சு, அதான் நடந்துச்சு"ன்னுட்டாங்க. வசனமும் எடுத்துக் காட்டுனாங்க, எண்ணாகமம் 14:28, நீங்கள் என் செவிகள் கேட்கச் சொன்னபிரகாரம் உங்களுக்குச் செய்வேன்.

அத்தை ரெண்டு வருஷமா ஒரு புது ஐக்கியத்துக்குப் போறாங்க. அங்க தலை வலிக்குதுன்னு சொல்லக்கூடாது, "சுகமானேன்"னு சொல்லணும். அரிசி தீந்துருச்சுன்னு சொல்லக்கூடாது. அத்தை தனக்கு சுகர்னு டாக்டர்கிட்டயே மெதுவாத்தான் சொல்றாங்க. இப்ப என்னை ஒரு ஜெபத்துக்குக் கூப்பிடுறாங்க, பேசின வார்த்தையை ரத்து பண்ற ஜெபமாம்.

இப்ப நாட்டு நிலைமைல ஆம்பளப் பையனுக்கு ஒரு வருஷம் வீணாப் போனா என்னன்னு உங்களுக்கே தெரியும். என் வாய்தான் காரணமா? உண்மையச் சொல்லுங்க.

ஜெயம் ஜெயம்

சகோதரி வருத்தப்படாதீங்க, ஆனா அத்தை சொன்னது வேதத்துல இருக்கு. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்", நீதிமொழிகள் 18:21. தேவன் உலகத்தையே பேசித்தான் உண்டாக்கினாரு. இயேசு மலையைப் பாத்துப் பேசுன்னு சொன்னாரு, மாற்கு 11:23, மலையைப் பத்தி ஜெபம் பண்ணுன்னு சொல்லல கவனிங்க. ரோமர் 4:17 இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிறது. பலவீனனும் தன்னைப் பலவான் என்று சொல்வானாக, யோவேல் 3:10. அமெரிக்கப் பிரசங்கியார் கென்னத் ஹேகின் பதினாறு வயசுல டாக்டர் கைவிட்டு படுத்த படுக்கையா கிடந்தவரு, அந்த மாற்கு வசனத்தைப் பிடிச்சு எழுந்தவரு, 86 வயசு வரைக்கும் இருந்தாரு. ரத்து ஜெபத்துக்குப் போங்க, போயிட்டு தினமும் பையன் தலைல கை வச்சு "நீ தலையாவாய் வாலாகமாட்டாய்"னு சொல்லுங்க. மறுபடி எழுதும்போது பாஸ்.

லப்பேயே

பத்து வருஷமா கவர்மெண்ட் லாட்டரி வாங்கும்போதெல்லாம் எனக்குத்தான் விழும்னு சத்தமா சொல்றேன். டீக்கடைக்காரன் சாட்சி. 😂

சீரியஸா சொன்னா அக்கா, அரிசி தீந்துருச்சுன்னு சொல்லக்கூடாதுங்கிறது ஐக்கியத்துல இருந்து வந்தது இல்ல, அது நம்ம பாட்டிங்க சரக்கு. "அரிசி நெறஞ்சிருக்கு, வாங்கிட்டு வா"ன்னுதான் எங்க பாட்டி சொல்லும். விளக்கை அணைன்னு சொல்லாது, குளிர வைன்னு சொல்லும். தாலிக்கயிறு அறுந்தாக்கூட பெருகிடுச்சுன்னுதான் சொல்லணும். கப்பல்ல ஏறி ரங்கூன் வந்தப்பவே மூட்டையோட வந்த பழக்கம். இப்ப அதுக்கு வசன நம்பர் போட்டுருக்காங்க அவ்வளவுதான்.

அந்தோணி பேரன்

மரியே வாழ்க. நான் கத்தோலிக்கன், எங்களுக்கு இந்த வாயால சொல்லி அறிக்கை பண்றதெல்லாம் பழக்கம் இல்ல, ஆனா நாக்குக்கு மரியாதை உண்டு. எங்க பாதுகாவலர் புனித அந்தோணியார் 1231ல செத்தாரு, 1263ல கல்லறையைத் தெறந்தப்ப உடம்பெல்லாம் மக்கிப் போயிருந்துச்சு, நாக்கு மட்டும் கெடாம இருந்துச்சு. இன்னைக்கும் இத்தாலில பதுவாவுல அந்த நாக்கை கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. செவ்வாக்கிழமை நவநாள்ல எங்க பெரியவங்க சொல்லுவாங்க, பாத்தியா ஆண்டவர் எதைக் காப்பாத்தினாருன்னு. கையை இல்ல, காலை இல்ல.

இன்னொண்ணு, எங்க கொள்ளுத்தாத்தா பேரு பிச்சை. அவருக்கு முன்னாடி மூணு பிள்ளைங்க செத்துப்போச்சு, நல்ல பேரு வச்சா கண்ணு படும்னு பயந்து குப்பைல போட்டு எடுத்து பிச்சைன்னு வச்சாங்க. பேரு கேவலமா இருந்தும் தொண்ணூறைத் தாண்டி இருந்தாரு. "பிச்சை, பிச்சை"ன்னு ஊரே வாய் நிறைய கூப்பிட்டுச்சே, பிச்சையா எடுத்தாரு? பெகு பக்கம் நெல்லு வியாபாரம். வார்த்தை அப்படியே பலிக்கும்னா இது எப்படி?

ஆனா வேதத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ராக்கேல் பிரசவத்துல சாகும்போது பிள்ளைக்கு பெனோனின்னு பேரு வச்சா, என் துக்கத்தின் மகன்னு அர்த்தம். யாக்கோபு அதை அப்படியே விடல, பென்யமீன்னு மாத்தினாரு. ரத்து ஜெபம் ஒண்ணும் பண்ணல. வேற பேரு சொல்லிக் கூப்பிட்டாரு.

வியாசர்பாடி பர்மாக்காரன்

நான் இப்ப இருக்கிறது மெட்ராஸ்ல, ஆனா பூர்வீகம் ரங்கூன் கெமண்டைன், அப்பா அங்கதான் பொறந்தாரு. லப்பேயே தம்பி பாட்டிங்க பேச்சை எடுத்ததால சொல்றேன். 1964ல கடையெல்லாம் கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு, அடுத்த வருஷம் எங்க ஆளுங்க கப்பல் ஏறுனாங்க. அப்பாயி வீட்டைப் பூட்டி சாவியை பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா கைல குடுத்துட்டு "போயிட்டு வரேன்"னு சொல்லிச்சாம். போறேன்னு சொல்லக்கூடாதுல்ல. அந்தம்மா அழுதுச்சாம். அப்பாயி திரும்பி வரவே இல்ல, வியாசர்பாடிலயே 1991ல போய்ச் சேந்துச்சு. அதனால வார்த்தைக்கு பவர் இல்லன்னு சொல்ல வரல. கடைசி வரைக்கும் அப்பாயி ஞாயித்துக்கிழமை சர்ச்ல அந்த பர்மாக்காரம்மா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணும், சொன்ன வார்த்தை பாக்கி இருக்குன்னு நெனைச்சுதோ என்னமோ.

சரி தலைப்புக்கு சம்பந்தம் இல்லாம போயிட்டேன்.

மோல்மீன் தாத்தா

மகளே, எழுத்து சின்னதா தெரியுது எனக்கு, மெதுவா அடிக்கிறேன்.

முதல்ல வசனத்தைப் பாப்போம். எண்ணாகமம் 14ல கர்த்தர் யாரைப் பாத்து அதைச் சொன்னாரு? அடுப்படில கோவத்துல கத்துன தாயைப் பாத்தா? எகிப்துல இருந்து கூட்டிட்டு வந்து, மன்னா குடுத்து, ஒரு தேசத்தையே கண்ணுக்கு நேரா காட்டின பிற்பாடு "இந்த வனாந்தரத்திலே செத்தா நலம்"னு ஒரு ஜனமே சேந்து முறுமுறுத்துச்சு, அவங்களைப் பாத்து. அது நம்பமாட்டோம்னு எடுத்த தீர்மானம். வாய் தவறி வந்த வார்த்தை இல்ல. அதைக் கொண்டுவந்து ஒரு மெட்ரிக் பரீட்சைக்கு ஒட்டுறது எனக்கு சரியாப் படல.

ரோமர் 4:17ஐ இதுக்கு எடுக்கிறது இன்னும் மோசம். இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிறவர்னு இருக்கு. அழைக்கிறவர். யாரு? தேவன். ஆபிரகாம் இல்ல, நானும் இல்ல. நமக்கு என்ன சொல்லியிருக்குன்னா மத்தேயு 5:37, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள். இல்லாததை இருக்குன்னு சொல்றது அவர் வேலை, இருக்கிறதை இருக்குன்னு சொல்றது நம்ம வேலை. சுகர் இருந்தா சுகர் இருக்கு. பவுல் அவ்வளவு பெரிய அப்போஸ்தலன், துரோப்பீமுவை மிலேத்துவில வியாதிப்பட்டவனா விட்டுட்டு வந்தேன்னு பச்சையா எழுதுறாரு, 2 தீமோத்தேயு 4:20. எதிர்மறையா பேசிட்டோமேன்னு அடிச்சுத் திருத்தல.

எங்க ஊர் மோல்மீன்ல அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1827ல வச்ச சபை இருக்கு. அவர் ரங்கூனுக்கு வந்தது 1813 ஜூலைல. முதல் பர்மாக்காரர் ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூன். நடுவுல ஆறு வருஷம். பேசாம இருந்தாரா? பாஷை கத்துக்கிட்டு, ரோட்டோரம் ஸயாட், அதான் சாவடி, கட்டி உக்காந்து போறவங்க வர்றவங்க கிட்டல்லாம் பேசுனாரு. வார்த்தை வெறும் மந்திரமா இருந்தா முதல் வாரமே ஊரு திரும்பியிருக்கணும். அப்புறம் ஆவால ஜெயில், பைபிள் கையெழுத்துப் பிரதியை அவர் சம்சாரம் தலகாணிக்குள்ள வச்சுத் தச்சுக் குடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தம்மா 1826ல ஆம்ஹெர்ஸ்ட்ல, இப்ப கியாய்க்கமின்னு சொல்றோமே அங்க, செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் அந்த மனுஷன் காட்டுக்குள்ள ஒரு குழி வெட்டி அதோரமா உக்காந்திருந்தாரு. கடவுளை நம்புறேன் ஆனா கண்டுபிடிக்க முடியலன்னு எழுதி வச்சிருக்காரு. இது நெகட்டிவ் அறிக்கைதானே? அப்படிச் சொன்ன அதே ஆளுதான் 1834ல முழு பைபிளையும் பர்மா பாஷைல முடிச்சாரு. எந்த ரத்து ஜெபமும் பண்ணின மாதிரி தெரியல.

அறிக்கை பண்றதுன்னு நம்ம பைபிள்ல வர்ற இடத்துல கிரேக்கத்துல இருக்கிற சொல்லுக்கு "அதையே சொல்றது"ன்னு அர்த்தம். அவர் முதல்ல சொன்னதை நாம திருப்பிச் சொல்றோம். நம்ம தெருவுல ராத்திரி கரண்டு வந்தா பிள்ளைங்க என்ன பண்ணும்? "மீ லாபி!", கரண்டு வந்துருச்சுன்னு பர்மா பாஷைல தெருவே கத்தும். கத்துனதால கரண்டு வரல. கரண்டு வந்ததால கத்துறோம். விசுவாச அறிக்கை அதுதான் மகளே. இருட்டுல உக்காந்துகிட்டு மீ லாபி மீ லாபின்னு ராத்திரி பூரா கத்திட்டு, வரலன்னா நீ சரியா கத்தலன்னு பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுறது இல்ல.

கண்ணு வலிக்குது. மிச்சம் அப்புறம்.

நர்ஸம்மா

தாத்தா கடைசியா சொன்னது என்னை எங்கயோ கொண்டுபோயிருச்சு. எழுதலாமா வேணாமான்னு ரெண்டு தடவை அழிச்சிட்டேன்.

2021 ஜூலை, கொரோனா நேரம். ரங்கூன்ல இருந்தவங்களுக்கு விளக்க வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கிட்டு பிளாண்ட் வாசல்ல ராத்திரி பகலா வரிசை, வீட்டு வாசல்ல துணி கட்டி உதவி வேணும்னு தெரியப்படுத்துன நாளு. நான் வேலைல இல்ல, தெருவுக்குள்ளயே முடிஞ்சதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன், நல்ல விசுவாசி, தினமும் என்னை "சிஸ்டர் நேகாங்லா", சுகமான்னு கேட்டுட்டுப் போறவரு. விரல்ல மாட்டிப் பாத்தா ஆக்சிஜன் 84. நான் சிலிண்டருக்குச் சொல்லட்டுமான்னேன். கைய ஆட்டி "நேகாங்பாதே, நேகாங்பாதே", நல்லாத்தான் இருக்கேன், "சுகமானேன்"னாரு. அவங்க ஆளு ஒருத்தர் போன்ல, ஆக்சிஜன் கேக்குறதே அவிசுவாச அறிக்கை, வாயைக் காத்துக்கோன்னு சொல்லியிருக்காரு. சம்சாரம் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுவுது, ஆனா புருஷன் முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது, சொன்னா அதனால ஏதாவது ஆயிடுமோன்னு. துணி கூட கட்ட விடல. மூணாம் நாளு அவரே கேட்டாரு. அப்ப வரிசைல சிலிண்டர் இல்ல.

அதுக்கப்புறமும் அந்தக்கா கிட்ட வந்து நீ மனசுக்குள்ள சந்தேகப்பட்டிருப்பன்னு சொன்னாங்க பாருங்க. அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

தாமுவே அக்கா, உங்க அத்தைக்கு சுகர்னா மாத்திரை போடுறாங்களான்னு மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் மெதுவா பேசிக்கலாம்.

ஜெயம் ஜெயம்

நர்ஸம்மா, மன்னிக்கணும். அந்த மாதிரி சொல்றவங்க பக்கம் நான் இல்ல. மருந்தும் கர்த்தர் குடுத்ததுதான்.

ஆனா எல்லாரும் சேந்து இதை ஒரு மோசடி மாதிரி ஆக்குறீங்க, அது எனக்கு வலிக்குது, அதனால என் கதையைச் சொல்லிடுறேன். நான் ஜெட்டில லோடு ஏத்துறவன். பதினஞ்சு வருஷம் குடி. என் பேரை ஒருத்தனும் சொல்ல மாட்டான், அந்தக் குடிகாரன்னுதான். பொண்டாட்டியும் அதான் சொல்லும், பிள்ளையும் சொல்லப் பழகிருச்சு. நானும் கண்ணாடில பாத்து அதான் சொல்லிப்பேன், நான் குடிகாரன், இது மாறாது. ஒரு சபைல முதல் தடவையா ஒருத்தர் என் தோள்ல கை போட்டு "பரிசுத்தவானே வாங்க"ன்னு கூப்பிட்டாரு. வாயில சரக்கு நாத்தம், என்னைப் பாத்து பரிசுத்தவானேன்னு. நான் சிரிச்சிட்டேன். வீட்டுக்குப் போற வழில அழுதேன். மறுநாள்ல இருந்து வேலைக்குப் போறப்ப "நான் இயேசுவோட பிள்ளை, நான் குடிகாரன் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டே நடப்பேன். மத்தவன் சிரிப்பான். ஒரு நாள்ல நிக்கல, ரெண்டு தடவை விழுந்தேன். இப்ப ஒன்பது வருஷம் ஆச்சு. தாத்தா, நான் அன்னைக்கு சொன்னது உள்ளதா இல்லதா? உள்ளதை உள்ளதென்று சொல்லியிருந்தா நான் குடிகாரன்தான்.

அப்புறம் அந்த மீ லாபி விஷயம். கத்துனதால கரண்டு வரலதான், ஒத்துக்கிறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டு வந்தா தூங்கிட்டு இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எவனோ ஒருத்தன் மீ லாபின்னு கத்துறான், அப்பத்தான் நாம எழுந்து ஓடிப்போய் மோட்டார் போடுறோம், தண்ணி ஏறுது. கத்தலன்னா கரண்டு வந்துட்டுப் போயிருக்கும், டேங்க் காலியாவே இருக்கும். என் விஷயத்துல அந்த சபைக்காரர் கத்துனாரு, நான் எழுந்தேன்.

லப்பேயே

அண்ணே. லாட்டரி ஜோக்கை வாபஸ் வாங்கிக்கிறேன்.

மோல்மீன் தாத்தா

ஜெயம் தம்பி, எண்பது வயசுல எனக்கு ஒரு பாடம். அந்த மோட்டார் எனக்குத் தோணல.

நீ கேட்டதுக்கு பதில் சொல்லணும்ல. உன்னைப் பரிசுத்தவான்னு முதல்ல சொன்னது அந்த சபைக்காரர் இல்ல, அவருக்கு முன்னாடியே ஆண்டவர் சொல்லியிருந்தாரு, அவர் அதையே சொன்னாரு, நீயும் அதையே சொன்ன. அதனால அது இல்லது இல்ல. ஆனா ரெண்டு தடவை விழுந்தேன்னும் சொன்ன பாரு, மறைக்கல பாரு, அங்கதான் நீயும் அந்த ஐக்கியமும் வேற வேற.

நேத்து சொல்ல விட்டது ஒண்ணு. 2 இராஜாக்கள் 4, சூனேமியாள். பையன் மடிலயே செத்துட்டான். தீர்க்கதரிசி எலிசாவைத் தேடிப் போற வழில அவரோட வேலைக்காரன் கேயாசி ஓடிவந்து சுகமா, புருஷன் சுகமா, பிள்ளை சுகமான்னு கேக்குறான். "சுகந்தான்"ங்கிறா. நம்ம நேகாங்பாதே மாதிரி. இந்த வசனத்தை வச்சு எத்தனை பேரு பிரசங்கம் பண்ணிட்டாங்க, பாத்தீங்களா செத்த பிள்ளையை வச்சுக்கிட்டு சுகம்னு அறிக்கை பண்ணினான்னு. அடுத்த வசனத்தைப் படிக்கிறதே இல்ல. எலிசாகிட்ட வந்ததும் காலைப் பிடிச்சுக்கிறா, நான் பிள்ளை வேணும்னு கேட்டேனா, என்னை ஏமாத்தாதீங்கன்னு சொல்லலையான்னு கொட்டித் தீத்துர்றா. வழில போறவனுக்கு சுகந்தான். யாருகிட்ட சொன்னா ஆகுமோ அவருகிட்ட உள்ளது. அப்படி ஒரு காலு வேணும் ஒவ்வொரு வீட்லயும், பிடிச்சுக்கிட்டு உள்ளதைச் சொல்ல.

தாமுவே பொண்ணு

எல்லாத்தையும் படிச்சேன். பதில் போடாததுக்கு மன்னிக்கணும், மூணு நாளு நெட்டும் சரியில்ல. அந்த ஜெபத்துக்குப் போகல. அத்தைகிட்ட சண்டையும் போடல, மாத்திரை டப்பாவை மட்டும் பாத்தேன் நர்ஸம்மா, பாதி அப்படியே இருந்துச்சு, இப்ப நானே சாப்பாட்டோட எடுத்து வைக்கிறேன், ஒண்ணும் சொல்லாம போட்டுக்கிறாங்க.

தாத்தா சூனேமியாளைப் பத்தி எழுதினதைப் படிச்சிட்டு பையன் கிட்டப் போய் உக்காந்தேன். அன்னைக்கு அம்மா அப்படிச் சொன்னது தப்புடா, அதனாலதான் இப்படி ஆச்சோன்னு எனக்குத் தூக்கமே இல்லன்னு சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "நீ சொன்னதால இல்லம்மா, எனக்கு கெமிஸ்ட்ரி போன வருஷத்துல இருந்தே ஒண்ணும் புரியல"ங்கிறான். ஏண்டா சொல்லலன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்குக் காலைல சொல்லலாம்னுதான் முழிச்சிருந்தேன். நீ பெயிலாத்தான் போவன்னுட்ட. அப்புறம் என்னத்தைச் சொல்ல"ன்னான்.

அத்தை சொன்னதும் சரி இல்ல, நான் நெனைச்சதும் சரி இல்ல. ஆனா என் வாய் ஒண்ணும் பண்ணலன்னு இப்ப என்னால சொல்ல முடியல.

மன்னிச்சுருடான்னேன். "யபாதெம்மா", பரவால்லம்மான்னுட்டு சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டான்.

தாமுவே பக்கம் யாருக்காவது நல்ல கெமிஸ்ட்ரி ட்யூஷன் தெரியுமா? திட்டாத வாத்தியாரா இருந்தா நல்லது.

ஜெயம் ஜெயம்

என் மச்சினன் சொல்லித் தருவான், பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி, அமைதியான ஆளு. காசு பேச வேண்டாம். நம்பரை இங்க போடாதீங்க, தனி மெசேஜ்ல வரேன்.

தாமுவே பொண்ணு

கண்டிப்பா அண்ணா. இப்ப தெருவுல கத்துறாங்க, மோட்டார் போட்டுட்டு வரேன்.